மீதியையும் கேட்டுக்கிடுங்க

இந்த ஊரில் என்னை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. என் மேல் கேஸ் போட்டவர்களும் உண்டு. என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கெமிஸ்ட்ரி டீச்சர்.

பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கென்றே பஸ் ஏறி வருவார். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போவார், அங்கிருந்து திரும்பி வந்து ஏன் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போவார். அதுதான் அவர். எதையும் பாதி சொல்லிவிட்டுப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. "மீதியையும் கேட்டுக்கிடுங்க" என்று படியில் இருந்து ஒரு குரல் வந்தால், அது டீச்சர் திரும்பி வருகிறார் என்று அர்த்தம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். சிவகாசியில் பேப்பர் பண்டலைத் தலையில் சுமந்து கொண்டுபோய் பிரஸ் பிரஸ்ஸாக இறக்கியவன். இன்று என்னுடைய பிரஸ்ஸில் நான்கு கலரை ஒரே ஓட்டத்தில் அடிக்கிற மெஷின் ஓடுகிறது. பட்டாசுப் பெட்டி மேல் நீங்கள் பார்க்கிற புலி, மயில், ரோஜாப்பூ எல்லாவற்றிலும் பாதியாவது நான் அடித்ததாக இருக்கும். எந்த வாத்தியாரும் கைபிடித்து என்னை மேலே ஏற்றவில்லை. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். டீச்சர் என் பிரஸ்ஸுக்கு மேலே இருக்கிற மாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே அவரிடமும் சொன்னேன்.

"நல்லது அண்ணாச்சி" என்றார். படியேறினார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"மீதியையும் கேட்டுக்கிடுங்க. வாத்தியார் இல்லாம வந்தவுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. தப்பாத் தெரிஞ்சுக்கிட்டதைத் திருத்துறதுக்கு ஆள் இருக்காது."

இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். கணவர் சவுதியில் வேலை. ஒல்லியான ஆள், தலையில் எப்போதும் முந்தானை, விரல் நுனியில் எப்போதும் ஊதாக் கறை. அந்தக் கறை செம்பருத்திப் பூவினால் வந்தது. என் பிரஸ்ஸில் ஓரம் வெட்டிப் போடுகிற பேப்பர் துண்டுகளை ஒரு பையில் வாங்கிப் போவார். பூவைக் கொதிக்கவைத்த தண்ணீரில் அவற்றை நனைத்து, மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவார். ஆசிட் பட்டால் அந்தப் பேப்பர் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லார் கையிலும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுவார். கையில் தொட்டுப் பார்க்காத பாடம் மண்டையில் நிற்காது என்பார்.

ஒருநாள் காலை லோடு தாமதமாக வந்தது. வாசலில் நின்று லாரி டிரைவரைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தவர், "அண்ணாச்சி இன்னைக்குப் பதினாலு" என்றார்.

"எம்புட்டுக்குப் பதினாலு?"

"பதினாலுக்குத்தான்."

முழு மார்க் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் பக்கத்துப் பிரஸ்காரர்களிடம், படித்த டீச்சரே எனக்குப் பதினாலுக்குப் பதினாலு போட்டிருக்கிறார், உங்களில் யாருக்குப் போட்டிருக்கிறார் என்று கேட்டேன். சாயங்காலம் திரும்பி வந்த டீச்சர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"காலையில பஸ் வந்துருச்சு, பாதியில விட்டுட்டேன். மீதியையும் கேட்டுக்கிடுங்க. பிஹெச்னு ஒரு அளவு இருக்கு. பூஜ்யம்னா கொடும் ஆசிட்டு. பதினாலுன்னா காஸ்டிக் சோடா. ரெண்டும் தோலை உரிக்கும். நடுவுல ஏழு. அதுதான் நல்ல தண்ணி."

"அப்ப நான் காஸ்டிக் சோடாவா?"

"காலையில மட்டும்."

டீக்கடைக்கு அந்தச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. இன்றைக்கும் சிலர் என்னைப் பதினாலு அண்ணாச்சி என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொரு சமயம் இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். அம்மனுக்காக மஞ்சளில் நனைத்து உடுத்திய வேட்டி. மறுநாள் என் மனைவி அதைச் சோப்புப் போட்டு அலசியவள், பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால் வேட்டி ரத்தத்தில் முக்கியெடுத்த மாதிரி சிவந்து கிடந்தது. ஆத்தாளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அவள் அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டு டீச்சர் இறங்கி வந்தார்.

"நான் தொடலாமா மதினி?" என்று கேட்டுவிட்டு வேட்டியை எடுத்தார். எங்கள் அடுப்படியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை வெட்டிச் சிவப்பின் மேல் பிழிந்தார். பிழிந்த இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. என் மனைவி டீச்சரைப் பார்த்த பார்வையை நான் கல்யாணமான நாளிலிருந்து என் மேல் பார்த்ததில்லை.

டீச்சர் படியேறினார், இறங்கினார். "சோப்புல காரம் இருக்கு மதினி. மஞ்சள்ல காரம் பட்டா செவக்கும். எலுமிச்சைல ஆசிட் இருக்கு. அது காரத்தை முறிச்சிரும்."

"சோப்புல காரமா? வத்தல்லதான காரம் இருக்கும்."

"இந்தக் காரம் வேற. நாக்குக் காரம் இல்ல."

என் மனைவி தலையாட்டினாள். எந்தக் காரமாக இருந்தாலும் எலுமிச்சம்பழம் போதும் என்பதுதான் அவள் மனதில் பதிந்தது.

இந்தக் காரக் குழப்பத்தில் அவளைவிடப் பெரிய ஆள் ஒருவன் என் பிரஸ்ஸிலேயே இருந்தான். மெஷின்மேன் குருசாமி. டீச்சரிடம் பத்தாவது படித்தவன். அப்பா அம்மா இருவரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். பரீட்சையில் காரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக என்ற கேள்விக்குச் சாத்தூர் மிளகாய் என்று எழுதியவன். மறுநாள் டீச்சர் அவனை முன்னால் நிறுத்தி, டெஸ்ட் ட்யூபில் காஸ்டிக் கரைசலையும் ஆசிட்டையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார். "காரமும் அமிலமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும். சொல்லு." அவன் சொன்னான். "ட்யூபைத் தொட்டுப் பாரு. சுடுதா?" சுட்டது. அந்த வாசகத்தை அவன் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் மறக்கவில்லை. மெஷின் ஓடாத நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டிச் சிரிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தீபாவளி லேபிள் சீசன், லீவு கிடையாது. பிளேட் கழுவுகிற ஆள் வரவில்லை. என் பிரஸ்ஸில் நான் கை வைக்காத வேலை எதுவும் கிடையாது. நானே உள்ளே போனேன். அச்சுக்குப் போகிற அலுமினியத் தகட்டை டெவலப்பர் என்று ஒரு மருந்தில் கழுவுவோம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், கையில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். காஸ்டிக் சேர்ந்த சரக்கு. கேன் மூடி இறுகிக் கிடந்தது. கேனை முழங்காலுக்கு நடுவே இடுக்கித் திருகினேன். மூடி திறந்துகொண்ட வேகத்தில் மருந்து எழும்பி இடது கண்ணில் அடித்தது.

முதலில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம் கண்ணுக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் விழுந்துவிட்டேன்.

"காரம், முதலாளி கண்ணுல காரம்" என்று குருசாமி கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "வத்தப் பொடியை எவன்லே பிரஸ்ஸுக்குள்ள கொண்டாந்தான்" என்று ஏசிக்கொண்டே நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அதற்குள் குருசாமி திரும்பி வந்துவிட்டான். கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"கையை எடுங்க முதலாளி. ரெண்டு சொட்டு விட்டாப் போதும், முறிஞ்சிரும். உப்பும் தண்ணியுமா ஆயிரும்."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. என் மனைவிக்கு அந்த மஞ்சள் வேட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும். எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு, "விடு குருசாமி, சீக்கிரம் விடு" என்றாள். அவன் என் இமையை விரலால் தூக்கினான். நல்ல கண்ணால் நான் பார்த்தேன். மேலே பழம், அதன் விளிம்பில் திரண்டு நிற்கிற சாறு.

பளீர் என்று ஒரு சத்தம். அறை விழுந்தது குருசாமியின் கன்னத்தில். பழம் மெஷினுக்கு அடியில் உருண்டது.

மாடியிலிருந்து ஓடிவந்த டீச்சர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார். அந்த ஒல்லி உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் மல்லாக்கத் தள்ளி, முந்தானையை இடுப்பில் செருகி, என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் இமையைப் பிளந்து, மறு கையால் தொட்டியின் ரப்பர் குழாயைக் கண்ணில் திருப்பினார்.

"கண்ணைத் திறங்க."

"எரியுது."

"எரியட்டும். திறங்க."

தெருவே உள்ளே வந்துவிட்டது. அந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண், முக்காடு நழுவித் தலைமுடி நனைந்து, நாலுபேர் பார்க்க ஓர் ஆம்பிளை மேல் உட்கார்ந்திருக்கிறார். யாரோ "முதலாளியைக் கொல்லுதாலே" என்றார்கள். ஒருவன் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னை இழுத்தா இவுக கண்ணு போகும்" என்றார். அவன் கையை எடுத்துவிட்டான்.

"காரு நிக்குது டீச்சர், மதுரைக்குக் கொண்டுபோகணும்" என்று என் மனைவி அழுதாள்.

"போலாம் மதினி. தண்ணி போதும்னா நான் சொல்றேன்."

தொட்டி காலியாகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு முட்டி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, நான் செத்தேன் என்றே நினைத்தேன். அந்த நிலையிலும் என் முகத்தருகே இருந்த அவர் விரலில் எலுமிச்சை வாசம் அடித்தது நினைவிருக்கிறது. சட்டையில் ரத்தமும் இருந்தது. என் கண்ணிலிருந்து வந்தது என்று பயந்துபோனோம். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு ரத்தக் காயம் எதுவும் இல்லை என்றார்.

"எலுமிச்சை கிலுமிச்சை எதுவும் விடலையே?"

"இல்ல, தண்ணி மட்டும்தான்" என்றாள் என் மனைவி.

"விட்டிருந்தா நான் பார்க்கிறதுக்கு இங்க கண்ணு இருந்திருக்காது."

விளிம்பில் நின்ற அந்தச் சாறு மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

கட்டு அவிழ்த்து ஊருக்கு வந்ததும் டீச்சர் பார்க்க வந்தார். விரலில் சின்னதாய் ஒரு துணி சுற்றியிருந்தார். நாங்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அவர் உட்காரவில்லை.

"காரமும் அமிலமும் சேர்ந்தா உப்பு, தண்ணி, அதோட சூடு. ட்யூபுல வர்ற சூட்டைத் தொட்டுப் பாருங்கன்னு இம்புட்டு வருசமாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன். கண்ணுக்குள்ள அதே சூடு வந்தா வெந்துரும்னு சொல்லல. மேல பட்டா முறிக்கப் பாக்காதீக, தண்ணி மட்டும் ஊத்துங்கன்னு சொல்லல. பாதிப் பாடத்தைக் கையில குடுத்து அனுப்பியிருக்கேன் அண்ணாச்சி. எத்தனை பிள்ளைகளுக்கு."

அதற்கப்புறம் அவர் செய்ததை ஊர் பைத்தியக்காரத்தனம் என்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்பிவிடுவார். தன்னிடம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்களோ அங்கே போவார். ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி, சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸ், மல்லாங்கிணறில் கட்டிக்கொடுத்த பிள்ளையின் வீடு. கேட்டில் நின்று கூப்பிட்டு, மீதிப் பாடத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். ஒரு கம்பெனியில் யூனியன்காரி என்று நினைத்து விரட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் நானே பார்த்தேன், மீசை வைத்த ஒருவனின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"நீ பத்தாவது பி செக்‌ஷன்தான? மீதியைக் கேட்டுட்டுப் போ."

"பஸ்ஸு போகுது டீச்சர்."

"போகட்டும். கண்ணுல காரம் பட்டா என்ன செய்வே?"

"எலுமிச்சை" என்றான் அவன், பயந்தபடியே. டீச்சரின் முகம் செத்துப்போனதை அன்றைக்குப் பார்த்தேன்.

தண்ணி டீச்சர் என்று பெயர் வந்தது. அவர் அண்ணன் விருதுநகரிலிருந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான் போகிற இடமெல்லாம் அவரைப் பற்றித்தான் பேசினேன். பிரஸ் முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் இந்தக் கண்ணைத் திறந்து காட்டி, என் வீட்டு டீச்சர் கொடுத்த கண் என்று சொன்னேன்.

குருசாமிக்கு எலுமிச்சை என்று பெயர் வைத்தேன். ஊரும் பிடித்துக்கொண்டது. ஆயுத பூஜைக்கு மெஷின் முன்னால் பழம் வெட்டும்போது, "ஏலே, அவன் கையில மட்டும் குடுக்காதீக" என்று ஒருவன் தொடங்குவான், எல்லாரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். ஃபோர்மேன் வேலைக்கு அவன் முறை வந்தது. பதற்றத்தில் முதலாளி கண்ணில் புளிப்பு விடப்போனவனை நம்பி பிரஸ்ஸைக் கொடுக்க முடியாது என்று அவனுக்குப் பின்னால் வந்தவனைப் போட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. எலுமிச்சை என்று நாங்கள் கூப்பிடுகிறபோது படியில் டீச்சர் இருந்தால், ஒரு நிமிஷம் நிற்பார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் நிமிர்ந்து பார்ப்பேன். ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விடுவார். டீச்சர் சொல்லாமல் போவதும் உண்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

போன வருஷம் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. சாமான்களை வேனில் ஏற்றிவிட்டார். என் மனைவி அழுதாள். விடைபெற்றுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வேன் கிளம்பித் தெருமுனை வரை போனது. அங்கே நின்றது. டீச்சர் இறங்கி நடந்து வந்தார். நான் சிரித்துக்கொண்டே வாசலில் நின்றேன்.

"மீதியா டீச்சர்?"

"ஆமா." அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பழத்தை வெட்டுனது நான்."

எனக்குப் புரியவில்லை.

"குருசாமி மாடிக்கு ஓடியாந்தான். டீச்சர், முதலாளி கண்ணுல காரம், என்ன செய்யன்னு என்னையத்தான் கேட்டான். நான் யோசிக்கல. பழத்தை வெட்டி அவன் கையில குடுத்து, ஓடு, பிழின்னு சொன்னது நான். வெட்டுன வேகத்துல விரலையும் அறுத்துக்கிட்டேன். அந்த அறுப்புல சாறு பட்டுச்சு. உயிர் போற எரிச்சல். அப்பத்தான் இது கண்ணுன்னு மண்டையில ஏறுச்சு. அந்த விரல் அறுபடலைன்னா நான் மாடியிலேயே நின்னிருப்பேன் அண்ணாச்சி."

சட்டையில் இருந்த ரத்தம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எலுமிச்சை வாசம் எங்கிருந்து வந்தது என்பதும்.

"நான் சொன்னதைச் செஞ்சவனை நானே அறைஞ்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எல்லாரும் கும்பிட்டீக. கும்பிட்ட கை கீழ இறங்கட்டும், சொல்லிருவோம்னு பாத்தேன். இறங்கவே இல்ல. ஊர் ஊராப் போய் மீதிப் பாடம் சொன்னேனே, இதைச் சொல்ல முடியாமத்தான் அதைச் சொல்லிக்கிட்டு அலைஞ்சேன்."

அவர் போய்விட்டார். இந்தத் தடவை திரும்பி வரவில்லை. என் கண்ணைத் தந்தவரும் அவர்தான், அதை எடுக்கப் பழத்தை வெட்டிக் கொடுத்தவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே ஆள் மேல் வைத்துப் பார்க்க இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மெஷின் பக்கம் போனேன்.

"குருசாமி" என்றேன்.

அவன் கைத்துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "டீச்சர் சொல்லிட்டாகளா முதலாளி?"

"உனக்கு எப்படிலே தெரியும்?"

"எலுமிச்சைன்னு கூப்பிடலையே."

"இம்புட்டு வருசம் வாயைத் திறக்கலையேலே. ஃபோர்மேன் வேலை போகும்போதாவது சொல்லியிருக்கலாமே."

"அவுக சொல்ல வேண்டிய மீதி முதலாளி அது. நான் எப்படிச் சொல்ல?" மெஷினில் மை குறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு டப்பாவை எடுக்கக் குனிந்தான். "பாதியில விட மாட்டாகன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் லேட்டாயிருச்சு, அம்புட்டுத்தான்."